கல்லீரல் புற்றுநோயின் பரவலும் புரதங்களின் பங்கும்

மானிட உடலில் தோன்றும் கட்டிகள் யாவும் உயிரைக் கொள்வன அல்ல. தோன்றிய இடத்திலேயே நிலைத்து நிற்கும் கட்டியை அறுவை மருத்துவர் பெரும்பாலும் அகற்றிவிட இயலும். கட்டியின் உயிரணுக்கள் தம் இடத்தை விட்டுப் பெயர்ந்து, குருதியோட்டத்தின் வழியே வேறிடங்களை அடைந்து, அங்கும் குடியேறத் தொடங்கும்போதுதான் நோய் கட்டுக்கடங்காமற் போகின்றது. கல்லீரல் புற்றுநோய் இவ்வியல்பை மிகுதியும் உடையது. 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 8,66,000 பேர் இந்நோய்க்குப் புதிதாக ஆளாயினர் என்றும், ஏறத்தாழ 7,58,000 பேர் இதனால் மாண்டனர் என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது. இவ்விரண்டு எண்களும் ஒன்றையொன்று நெருங்கி நிற்பதே இந்நோயின் கடுமையைப் புலப்படுத்தும்.

பரவல் என்பது தற்செயலாக நிகழ்வதன்று. ஓர் உயிரணு தன் அண்டையிலுள்ளவற்றை விட்டுப் பிரிவதும், தடைகளைக் கடப்பதும், புதிய இடத்தில் வேரூன்றுவதும் குறிப்பிட்ட சில புரதங்களின் செயலாலேயே நடைபெறுகின்றன. அப்புரதங்களை அறிந்ததன் பயனாகச் சில மருந்துகள் கிடைத்துள்ளன. எனினும், இத்தொடர் தொடங்காமலே காக்கவல்ல பொருளும் ஒரு புரதமே. அது மருந்துக்கடையில் அன்று, கள ஊழியரின் தடுப்பூசிப் பெட்டியில் உள்ளது.

பெங்களூர் மாநகரின் தென்கிழக்கே, கோரமங்கலத்தை அடுத்து அமைந்துள்ள ஈஜிபுராவை எடுத்துக்கொள்வோம். நெருங்கிய தெருக்களும் சிறு வீடுகளும் நிறைந்த இப்பகுதியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம் இருக்கின்றது. 1982 முதல் இந்நகரின் புற்றுநோயாளரைப் பற்றிய விவரங்கள் அந்நிலையத்தின் பதிவேட்டில் தொகுக்கப்பெற்று வருகின்றன. நகரின் மற்றொரு புறத்தே இந்திய விஞ்ஞானக் கழகத்தில் புற்றணுக்களின் இடப்பெயர்ச்சி ஆராயப்படுகின்றது. ஆராய்ச்சிக்கூடத்தில் அறியப்படுவது ஈஜிபுரா போன்ற ஒரு பகுதியின் வீட்டு வாயிலுக்கு எவ்வாறு பயன்படும் என்பதைக் கள ஊழியரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நன்று.

கல்லீரலின் அமைப்பு

குடலில் செரித்த உணவின் சத்துக்களை ஏந்திவரும் குருதி, போர்ட்டல் சிரை என்னும் பெருங்குழலின் வழியே கல்லீரலை அடைகின்றது. கல்லீரல் பெறும் குருதியில் ஏறத்தாழ முக்கால் பங்கு இச்சிரையின் வாயிலாகவும், எஞ்சிய கால் பங்கு ஈரல் தமனியின் வாயிலாகவும் வருகின்றன. உள்ளே இக்குருதி மிக நுண்ணிய கால்வாய்களில் பாய்கின்றது. அக்கால்வாய்களின் சுவர், சல்லடை போன்று துளைகள் உடையது. குருதியிலுள்ள பொருள்கள் ஈரலின் உயிரணுக்களை எளிதில் எட்டுவதற்கு இவ்வமைப்பு உதவுகின்றது.

உடலுக்கு நன்மையான இவ்வமைப்பே புற்றுநோய்க்கும் வழியாகிவிடுகின்றது. ஈரலில் தோன்றிய கட்டி பெரும்பாலும் முதலில் போர்ட்டல் சிரையின் கிளைகளுக்குள் நுழைந்து, ஈரலின் பிற பகுதிகளுக்கே பரவுகின்றது. பின்னர் நுரையீரல், நிணநீர்க் கணுக்கள், எலும்பு ஆகியவற்றை அடைகின்றது. குடல் முதலிய பிற உறுப்புகளில் தோன்றி ஈரலுக்கு வந்து சேரும் புற்றும் உண்டு, அது வேறு. ஈண்டுக் கூறப்படுவது ஈரலின் உயிரணுக்களிலேயே தோன்றும் புற்றாகும்.

ஒட்டும் புரதம் தளர்தல்

உறுப்புகளின் உயிரணுக்கள் சுவரிலுள்ள செங்கற்களைப் போன்று ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. அவற்றைப் பிணைக்கும் சாந்து போன்றவை சில புரதங்கள். ஜப்பானிய விஞ்ஞானி மசதோஷி டகேய்ச்சி, கால்சியம் நீக்கப்பட்டால் உயிரணுக்கள் பிரிந்துவிடுவதை ஆராய்ந்து, அப்பிணைப்புக்குக் காரணமான புரதங்களைக் கண்டறிந்தார். அவை கேதெரின் எனப் பெயர் பெற்றன. ஈரலணுக்களைப் பிணைப்பதில் ஈ-கேதெரின் என்னும் வகை முதன்மையானது.

பரவும் இயல்புடைய ஈரல் கட்டிகளில் இப்புரதம் குறைந்து காணப்படுகின்றது. ஸ்நெய்ல், ட்விஸ்ட் என்னும் வேறு சில புரதங்கள் உயிரணுவின் உட்கருவில் அமர்ந்து, ஈ-கேதெரினை உண்டாக்கும் மரபணுவை அடக்கிவிடுகின்றன. அதே சமயத்தில் விமென்டின் என்னும் நாரிழைப் புரதம் மிகுதியாகத் தோன்றுகின்றது. ஒட்டி நின்ற உயிரணு இவ்வாறாக நீண்டு மெலிந்து, ஊர்ந்து செல்லும் உருவைப் பெறுகின்றது. கருவில் உறுப்புகள் உருவாகும்போதும், புண் ஆறும்போதும் உடல் கையாளும் முறையே இது. புற்றணு புதியதொரு வித்தையைக் கற்பதில்லை; உடலின் பழைய வித்தையைத் தவறான காலத்தில் பயன்படுத்துகின்றது.

இம்மாற்றம் எப்பொழுதும் முழுமையாக நிகழ்வதில்லை. சில உயிரணுக்கள் பாதி ஒட்டியும் பாதி ஊர்ந்தும், கூட்டம் கூட்டமாக நகர்கின்றன. இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த மோகித் குமார் ஜாலி இவ்விடைநிலைகளைக் கணித முறையில் ஆராய்ந்துள்ளார். முற்றிலும் உருமாறிய தனி அணுவைக் காட்டிலும் இடைநிலையிலுள்ள கூட்டமே புதிய இடத்தில் வேரூன்றும் ஆற்றல் மிகுதியும் உடையதாகலாம் என்பது இத்துறையில் வலுப்பெற்றுவரும் கருத்தாகும்.

தடைகளை அரிக்கும் நொதிகள்

பிரிந்த உயிரணு உடனே வெளியேறிவிட முடியாது. உயிரணுக்களைச் சூழ்ந்து கொல்லாஜன் முதலிய புரதங்களால் ஆன வலை ஒன்று பின்னப்பட்டுள்ளது. அதனை அரிக்கும் நொதிகள் மெட்டலோபுரோட்டியேஸ் எனப்படும். இவற்றின் வரலாறு வகுப்பறையில் எடுத்துரைப்பதற்கு மிகவும் ஏற்றது. தலைப்பிரட்டை தவளையாக மாறும்போது அதன் வால் எங்கே போகின்றது? இவ்வினாவுக்கு விடை தேடிய ஜெரோம் கிராஸ், சார்லஸ் லாப்பியேர் என்னும் இருவர், வாலின் கொல்லாஜனைக் கரைக்கும் நொதியை 1962இல் கண்டறிந்தனர். அந்நொதியின் இனத்தைச் சேர்ந்தவற்றையே புற்றணு தன் பாதையை வெட்டப் பயன்படுத்துகின்றது.

நொதியைத் தடுத்தால் பரவலும் நின்றுவிடும் என்று கருதி மருந்துகள் பல ஆக்கப்பட்டன. 1990களிலும் அதற்குப் பின்னரும் நோயாளரிடம் நிகழ்த்தப்பெற்ற சோதனைகளில் அவை எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. இந்நொதிகள் உடலின் நற்பணிகளுக்கும் இன்றியமையாதவை. அனைத்தையும் ஒருங்கே தடுத்தபோது மூட்டு வலி முதலிய தீங்குகள் நேர்ந்தன. பகைவன் பயன்படுத்தும் கருவி நம் வீட்டுக் கருவியாகவும் இருப்பதே புற்றுநோய் மருத்துவத்தின் பெருந்தொல்லை எனலாம்.

விதையும் நிலமும்

குருதியில் கலந்த புற்றணுக்களுள் மிகப் பெரும்பாலானவை மடிந்துவிடுகின்றன. எஞ்சியவையும் எல்லா உறுப்புகளிலும் ஒன்றுபோல் குடியேறுவதில்லை. 1889இல் ஆங்கில அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றால் மாண்ட 735 பெண்களைப் பற்றிய குறிப்புகளை ஆராய்ந்தார். விதை எங்கும் சிதறினும் ஏற்ற நிலத்தில் மட்டுமே முளைப்பது போல, புற்றணுவும் தனக்கு ஏற்ற உறுப்பிலேயே வளர்கின்றது என்று அவர் முடிவுகட்டினார். உழவரோடு பழகும் கள ஊழியர்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். உயிரணுவின் புறத்தேயுள்ள இன்டெக்ரின் என்னும் புரதங்கள் சுற்றியுள்ள வலையைப் பற்றிக்கொள்வதும், விதை நிலத்தைப் பற்றுவதற்கு ஒருபுடை ஒக்கும்.

விதையின் தன்மையைப் பற்றி 2003இல் முக்கியமான உண்மையொன்று வெளிப்பட்டது. சீன, அமெரிக்க ஆராய்ச்சியாளர் இணைந்து, பரவிய ஈரல் கட்டிகளையும் பரவாதவற்றையும் ஒப்பிட்டனர். பரவலை விளைவிக்கும் கட்டியில், அதற்குரிய மரபணுக் குறிகள் முதற்கட்டியிலேயே அமைந்திருந்தன. அக்குறிகளுள் முதன்மையாக நின்றது ஆஸ்டியோபான்டின் என்னும் புரதம். அதனைக் கட்டுப்படுத்தும் எதிர்ப்பொருளைச் செலுத்தியபோது, சுண்டெலிகளில் நுரையீரலுக்குப் புற்றுப் பரவுவது குறைந்தது. சுண்டெலியில் கண்ட பயன் மனிதரிடமும் கிட்டும் எனக் கொள்வதற்கில்லை. ஆயினும், பரவும் இயல்பு நோயின் இறுதியில் வந்து சேர்வதன்று, தொடக்கத்திலேயே பதிந்திருக்கக்கூடியது என்னும் பாடம் பெரிது. காலந்தாழ்த்தாது நோயைக் கண்டறிதலும், அதனினும் மேலாக, நோய் வராமற் காத்தலும் இன்றியமையாதவை என்பதற்கு இதுவே சான்று.

குருதிக்குழலை அழைக்கும் புரதம்

ஒரு கட்டி சில மில்லிமீட்டருக்கு மேல் வளர வேண்டுமாயின் அதற்குக் குருதி வேண்டும். கட்டி தன்பால் புதிய குருதிக்குழல்களை வரவழைத்துக் கொள்கின்றது என்றும், அதனைத் தடுத்தால் வளர்ச்சி குன்றும் என்றும் 1971இல் ஜூடா ஃபோக்மன் எடுத்துரைத்தார். குழல்களை அழைக்கும் தூதுவன் போன்ற புரதம் பின்னர்ப் பிரித்தெடுக்கப்பட்டு, குருதிக்குழல் வளர்ச்சிக் காரணி எனப் பெயரிடப்பட்டது. ஈரல் கட்டிகள் இப்புரதத்தை மிகுதியாகச் சுரக்கின்றன. புதிதாகத் தோன்றும் குழல்கள் கட்டிக்கு உணவு கொணர்வதோடு, புற்றணுக்கள் வெளியேறும் வாயில்களாகவும் அமைகின்றன.

மருந்தும் விலையும்

இத்தூதுப் புரதத்தின் செய்தியை ஏற்கும் புரதங்களையும், உயிரணுவைப் பெருகத் தூண்டும் வேறு சில புரதங்களையும் தடுக்கும் மருந்து சோராஃபெனிப் ஆகும். 2008இல் வெளியான சோதனை முடிவின்படி, இம்மருந்தைப் பெற்ற முற்றிய ஈரல் புற்றுநோயாளரின் இடைநிலை வாழ்நாள் 10.7 மாதம், வெற்று மாத்திரை பெற்றவர்க்கு 7.9 மாதம். நீட்டிப்பு மூன்று மாதத்திற்கும் குறைவே. எனினும், அதுவரை எம்மருந்தும் இவ்வளவு செய்ததில்லை.

இந்தியாவில் இம்மருந்தின் ஒரு மாத அளவின் விலை ஏறத்தாழ 2,80,000 ரூபாயாக இருந்தது. 2012 மார்ச் 9ஆம் நாளன்று காப்புரிமைக் கட்டுப்பாட்டு அதிகாரி, ஐதராபாத்தைச் சேர்ந்த நாட்கோ நிறுவனம் இம்மருந்தைச் செய்து விற்கலாம் எனக் கட்டாய உரிமம் வழங்கினார். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 84ஆம் பிரிவின் கீழ் அளிக்கப்பட்ட முதல் உரிமம் இதுவே. மாத அளவின் விலை 9,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. காப்புரிமை பெற்றிருந்த பேயர் நிறுவனத்தின் மேல்முறையீட்டைச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மேல்முறையீட்டு வாரியம் 2013இல் தள்ளி, உரிமத்தை உறுதிசெய்தது. நாட்கோ செலுத்த வேண்டிய உரிமப் பங்கை மட்டும் நூற்றுக்கு 6 என்பதிலிருந்து 7 ஆக உயர்த்தியது. புரதமொன்றின் வடிவை அறிவது விஞ்ஞானம். அவ்வறிவு எளியவரின் கைக்கு எட்டுவது சட்டத்தையும் நிர்வாகத்தையும் பொறுத்தது.

அதன்பின் மருத்துவம் மேலும் முன்னேறியுள்ளது. குருதிக்குழல் வளர்ச்சிக் காரணியைத் தடுக்கும் எதிர்ப்பொருளையும், உடலின் காப்பு அணுக்களை அடக்கும் புரதத்தைத் தடுக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்தளிக்கும் முறையின் பயன் 2020இல் வெளியிடப்பட்டது. தொடர்ந்து கணக்கிட்டதில், இம்முறையைப் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 19.2 மாதமாகவும், சோராஃபெனிப் பெற்றவர்க்கு 13.4 மாதமாகவும் இருந்தன. நோயை முற்றிலும் அகற்றும் மருந்து இன்னும் இல்லை.

வைரஸும் அதன் புரதங்களும்

ஈரல் புற்றின் வேரைத் தேடினால் பல சமயங்களில் ஹெப்பட்டைட்டிஸ்-பி வைரஸ் தென்படும். இவ்வைரஸ் ஈரலணுக்களில் பல்லாண்டுகள் தங்கி, அழற்சியையும் ஈரல் இறுகும் நோயையும் விளைத்து, சிலருக்குப் புற்றாக முடிகின்றது. வைரஸின் எக்ஸ் புரதம், ஈ-கேதெரினைக் குறைப்பதும் வலையை அரிக்கும் நொதிகளைக் கூட்டுவதும் ஆராய்ச்சிக்கூடச் சோதனைகளில் காணப்பட்டுள்ளன. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலை, மக்காச்சோளம் ஆகியவற்றில் உண்டாகும் அஃப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சு, பி-53 என்னும் காவற் புரதத்தைக் கெடுக்கவல்லது. வைரஸும் இந்நஞ்சும் ஒருங்கே சேரின் தீங்கு பன்மடங்காகும். ஹெப்பட்டைட்டிஸ்-சி வைரஸ், மது, உடற்பருமனாலும் நீரிழிவாலும் ஈரலில் கொழுப்புப் படிதல் ஆகியவையும் இந்நோய்க்குக் காரணங்களாம்.

2022ஆம் ஆண்டைப் பற்றிய உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 2 கோடியே 98 லட்சம் பேர் பி வைரஸையும், ஏறத்தாழ 55 லட்சம் பேர் சி வைரஸையும் நாட்பட உடலில் தாங்கியுள்ளனர். அவர்களுள் பலர் அதனை அறியார்.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுப்பது தமிழ்நாட்டில் நெடுங்கால வழக்கம். சென்னையில் எஸ். பி. தியாகராஜனும் அவருடன் ஆராய்ந்தோரும் இம்மூலிகையை வைரஸைத் தாங்கியவர்களுக்கு அளித்து, 37 பேரில் 22 பேரின் குருதியிலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்ததாக 1988இல் வெளியிட்டனர். உலகெங்கும் கவனத்தை ஈர்த்த அம்முடிவைப் பின்னர் வேறிடங்களில் நடந்த சோதனைகள் உறுதிப்படுத்தவில்லை. ஆகவே, மூலிகையை நம்பி மருத்துவச் சோதனையைத் தவிர்த்தல் தகாது என மக்களுக்கு அன்புடன் எடுத்துரைக்க வேண்டும்.

குருதியில் ஓர் அறிகுறி

கருவிலுள்ள குழந்தையின் ஈரல் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்னும் புரதத்தைச் சுரக்கின்றது. பிறந்தபின் அது மிகக் குறைந்துவிடுகின்றது. ஈரல் புற்றுடைய சுண்டெலிகளில் இப்புரதம் மீண்டும் தோன்றுவதை 1963இல் மாஸ்கோவில் காரி அபெலெவ் கண்டார். அடுத்த ஆண்டிலேயே மனிதரிடமும் இது மெய்ப்பிக்கப்பட்டது. எல்லா ஈரல் கட்டிகளும் இப்புரதத்தை வெளியிடுவதில்லை. கருவுற்ற பெண்களிடமும் ஈரல் அழற்சியிலும் இது உயர்வதுண்டு. எனவே, ஈரல் இறுகும் நோயுடையோரை ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஒலியலைப் படச் சோதனைக்கும் இக்குருதிச் சோதனைக்கும் உட்படுத்துவது வழக்கம்.

காக்கும் புரதம்

1965இல் பாரூக் புளும்பர்க் என்பவர், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் குருதியில் புதிய பொருளொன்றைக் கண்டதாக வெளியிட்டார். அது பி வைரஸின் மேலுறைப் புரதம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. 1976இல் அவர் நோபெல் பரிசு பெற்றார். அப்புரதத்தை மட்டும் உடலில் செலுத்தினால் நோய் உண்டாவதில்லை. உடலோ வைரஸை எதிர்க்கக் கற்றுக்கொள்கின்றது. தொடக்கத்தில் குருதியிலிருந்தும், 1986 முதல் ஈஸ்ட் நுண்ணுயிரைக் கொண்டும் இத்தடுப்பூசி ஆக்கப்பட்டது. ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் 1997இல் இதனை உள்நாட்டிலேயே செய்து வெளியிட்டதால், விலை வெகுவாகக் குறைந்தது.

தைவான் 1984இல் குழந்தைகளுக்கு இத்தடுப்பூசியை அளிக்கத் தொடங்கியது. அதன்பின், 6 முதல் 14 வயது வரையுள்ள சிறுவரிடையே ஈரல் புற்று ஒரு லட்சத்துக்கு 0.70 என்பதிலிருந்து 0.36 ஆகக் குறைந்தது என 1997இல் அறிவிக்கப்பட்டது. தடுப்பூசியால் ஒரு புற்றுநோய் குறைந்ததற்கு உலகுக்குக் கிடைத்த முதல் சான்று இதுவாகும்.

இந்தியாவில் 2002இல் சில நகரங்களிலும் மாவட்டங்களிலும் முன்னோட்டமாகத் தொடங்கிய இத்திட்டம், 2011இல் நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. தேசிய வைரஸ் ஈரல் அழற்சித் தடுப்புத் திட்டம் 2018 ஜூலை 28ஆம் நாள் தொடங்கப்பெற்றது.

களத்தில் செய்யத்தக்கவை

பிறக்கும் தறுவாயில் தாயிடமிருந்து பி வைரஸைப் பெறும் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் அது நாட்பட நிலைத்துவிடுகின்றது. வளர்ந்தவரிடம் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவர்களிடமே அவ்வாறு நிலைக்கின்றது. ஆகவே, பிறந்த 24 மணி நேரத்திற்குள் அளிக்கும் முதல் ஊசியே தலையாயது. பின்னர் 6, 10, 14 வாரங்களில் ஐந்நோய்த் தடுப்பூசியுடன் இது சேர்த்தளிக்கப்படுகின்றது. ஈஜிபுரா போன்ற பகுதிகளில் வாடகை வீடு மாறும் குடும்பங்களும், பேறுகாலத்திற்குச் சொந்த ஊர் செல்லும் தாய்மாரும் உளர். குழந்தை எவ்வூரில் பிறந்தது, முதல் ஊசி இடப்பட்டதா என்பவற்றைத் தாயின் அட்டையைப் பார்த்துக் கேட்டறிதல் வேண்டும்.

இம்மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் வைத்துக் காக்க வேண்டும். வெப்பத்தைவிட உறைதலே இதற்குப் பெரும் பகை. உறைந்து உருகிய மருந்து பயனற்றது; குலுக்கினால் அதில் திப்பிகள் தோன்றி விரைவில் அடியில் தங்கும். அத்தகைய குப்பியைப் பயன்படுத்தலாகாது. பனிக்கட்டிப் பொதிகளின் மேற்புறம் வியர்க்கும் வரை வெளியில் வைத்திருந்த பின்னரே பெட்டியில் அடுக்க வேண்டும்.

ஆசிரியர்கள் ஆற்றவேண்டிய பணி வேறு. பி வைரஸ் குருதியினாலும், தூய்மையற்ற ஊசியினாலும், உடலுறவினாலும், தாயிடமிருந்து சேய்க்கும் பரவுகின்றது. உடன் அமர்ந்து உண்பதாலோ, கைகோப்பதாலோ, ஒரே பலகையில் அமர்வதாலோ பரவுவதில்லை. இதனைத் தெளிவாகக் கூறினால், வைரஸைத் தாங்கிய மாணவன் ஒதுக்கப்படாமற் காக்கப்படுவான். பூஞ்சணம் பிடித்த கடலையையும் சோளத்தையும் உண்ணலாகாது என்பதையும் சேர்த்துக் கற்பிக்கலாம். சி வைரஸுக்குத் தடுப்பூசி இல்லை. எனினும் சில வாரங்கள் மாத்திரை உண்டு பெரும்பாலோர் முற்றிலும் குணமடையலாம் என்பதையும் பெற்றோர் அறிதல் நலம்.

பரவத் தொடங்கிய புற்றை எதிர்த்து, ஆண்டுகள் பல உழைத்தும் விஞ்ஞானம் இதுவரை ஈட்டித்தந்தவை சில மாதங்களே. அவ்வுழைப்பு தொடரவேண்டியது. அதனிடையே, பிறந்த குழந்தையின் தொடையில் முதல் நாளிலேயே இடப்படும் அரை மில்லிலிட்டர் மருந்து, அறுபது ஆண்டு வாழ்வைக் காத்துத்தர வல்லது. அதனை உரிய நேரத்தில், உறையாத நிலையில், ஒரு குழந்தையும் விடுபடாமல் கொண்டுசேர்க்கும் பொறுப்பு கள ஊழியரிடம் உள்ளது.